ஐந்து மாத வேலை ஒரு கிழமைக்குள்: ஒன்லைன் கேம்களும் அவசரமும்

2004 நவம்பர் 23 அன்று வேர்ல்ட் ஒஃப் வார்கிராஃப்ட் அமெரிக்காவில் வெளியானது. அந்தக் கேமின் உலகத்துக்கு அடியில், மோல்டன் கோர் என்ற எரிமலைக் குகையில், ரக்னரோஸ் என்ற நெருப்பரசனைக் குடிவைத்திருந்தார்கள். 40 பேர் ஒரே நேரத்தில் ஒன்றுசேர்ந்து போனால்தான் அவனோடு மோதலாம். அசென்ட் என்ற குழு உலகிலேயே முதலாவதாக அவனை வீழ்த்தியபோது கேம் வெளியாகி 154 நாட்கள் கடந்திருந்தன. பிறகு 2019 ஓகஸ்டில் ப்ளிசார்ட் கொம்பனி அதே பழைய கேமை 'க்ளாசிக்' என்ற பெயரில் மறுபடி திறந்தது. அதே குகை, அதே நெருப்பரசன், அதே 40 பேர். இந்தமுறை ஏப்ஸ் என்ற குழு ஒரு கிழமைக்குள் அவனைச் சாய்த்துவிட்டது. அந்த 40 பேரில் சிலர் கேமின் கடைசி லெவலான 60ஐக் கூட எட்டியிருக்கவில்லை.

ஐந்து மாதம் எப்படி ஒரு கிழமையாகச் சுருங்கியது? கேம் சுகமாகிவிட்டது என்று சொல்லலாம். அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கு. க்ளாசிக்கில் கொடுக்கப்பட்டது 2006இன் கடைசித் திருத்தங்களோடு வந்த வடிவம், அதில் பாத்திரங்களின் பலம் கூட. ஆனால் அது பாதிக் காரணம்கூட இல்லை. மிச்சக் காரணம் விளையாடியவர்களிடம் இருந்தது. 2005இல் அந்தக் குகைக்குள் போனவர்களுக்கு உள்ளே என்ன இருக்குது எண்டே தெரியாது. 2019இல் போனவர்களுக்கு ஒவ்வொரு மூலையும் தெரியும். தெரியாமல் போவதற்கும் தெரிந்துகொண்டு போவதற்கும் இடையில் ஏதோ ஒன்று மாறிவிட்டது. அதைத்தான் இந்தக் கட்டுரையில் தேடிப் பார்க்க நினைக்கிறோம்.

கெதியா முடிக்கிறவை ஒரு பக்கம், ஆறுதலா விளையாடுறவை மற்றப் பக்கம் என்று பிரித்து, முதலாமவர்களைத் திட்டி, இரண்டாமவர்களைப் புகழ்ந்துவிட்டுப் போவது லேசு. கதை அவ்வளவு நேராக இல்லை.

முதலில் கொஞ்சம் பின்னுக்குப் போவோம். பலர் ஒரே நேரத்தில் புகுந்து விளையாடக்கூடிய கற்பனை உலகம் ஒன்றை 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ரொய் ட்ரப்ஷோ என்ற மாணவர் எழுதத் தொடங்கினார். பிறகு ரிச்சர்ட் பார்ட்டில் அதை வளர்த்தெடுத்தார். மட் என்பது அதன் பெயர். படமே கிடையாது, எல்லாம் எழுத்து. நீங்கள் ஒரு காட்டில் நிற்கிறீர்கள் என்று திரையில் வரும், வடக்கே போ என்று நீங்கள் தட்டுவீர்கள். பல்கலைக்கழகத்துக்கு வெளியில் இருந்தவர்கள் கணினி சும்மா கிடக்கும் நடுச்சாமங்களில் தொலைபேசி இணைப்பு வழியாக உள்ளே வந்து விளையாடினார்கள். அந்த முதல் உலகத்திலேயே ஒரு முடிவுக்கோடு இருந்தது. புள்ளிகள் சேர்த்துச் சேர்த்துக் கடைசியில் 'மந்திரவாதி' ஆகலாம். ஆகிவிட்டால் மற்றவர்களுக்கு இல்லாத அதிகாரங்கள் கிடைக்கும்.

ஓடிப் போய்த் தொடுவதற்கு ஒரு கோடு கீறிவிட்டால் ஓடுகிறவர்கள் வராமல் இருப்பார்களா? ஆனால் எல்லோரும் ஓடவில்லை என்பதையும் பார்ட்டில் கவனித்தார். 1996இல் அவர் எழுதிய கட்டுரை ஒன்று விளையாடுகிறவர்களை நான்கு வகையாகப் பிரித்து, ஒவ்வொரு வகைக்கும் சீட்டுக்கட்டின் ஒரு சின்னத்தைக் கொடுத்தது. சாதிப்பவர்கள், தேடித் திரிபவர்கள், பழகுபவர்கள், மற்றவர்களைக் கொல்வதில் சுகம் காண்பவர்கள். இந்தப் பிரிவினை இன்றைக்கும் கேம் வடிவமைப்பு படிக்கிற பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப்படுகிறது. எங்களுக்கு அதில் பிடித்த விசயம், ஒரு வகை கூடினால் மற்ற வகைக்கு என்ன நடக்கும் என்று அவர் யோசித்திருந்ததுதான். ஒரு உலகத்துக்குள் இந்த நாலு பேரும் ஒரே காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள். ஒருவருடைய ஓட்டம் மற்றவருடைய நடையைத் தொந்தரவு செய்யும்.

1999 மார்ச்சில் எவர்குவெஸ்ட் வந்தது. இன்றைய கண்ணால் பார்த்தால் அது விளையாட்டு இல்லை, தண்டனை. செத்தால் உங்கள் பொருட்கள் எல்லாம் செத்த இடத்திலேயே உடலோடு கிடக்கும். கையில் ஒன்றும் இல்லாமல் திரும்ப அந்த இடத்துக்குப் போய் எடுக்கவேண்டும். சேர்த்த அனுபவப் புள்ளிகளும் குறையும். மந்திரம் பாவிக்கிறவர்கள் சக்தியை மீட்க நிலத்தில் இருந்து மந்திரப் புத்தகத்தைத் திறக்கவேண்டும். தொடக்க லெவல்களில் அந்தப் புத்தகம் திரையையே மூடிவிடும். சுற்றிலும் என்ன நடக்குது எண்டு தெரியாது. ஒரு அரிய மிருகம் தோன்றும்வரை ஒரே இடத்தில் மணிக்கணக்காகக் குந்திக்கொண்டு இருப்பதற்கு 'காம்ப்' அடிப்பது என்று பெயர்.

அப்ப அந்த மணித்தியாலங்களில் என்ன செய்தார்கள்? கதைத்தார்கள். வேறு ஒன்றும் செய்ய இல்லை. திரையை மூடிய புத்தகத்துக்குக் கீழே அரட்டைப் பெட்டி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். உங்கள் உடல் ஆழக் குகை ஒன்றுக்குள் கிடந்தால், அதை வெளியே இழுத்துத்தரக்கூடிய நெக்ரோமான்ஸர் ஒருவரைத் தேடிப்பிடித்துக் கெஞ்சவேண்டும். தூர இடத்துக்குப் போகவேண்டும் என்றால் இடம் மாற்றும் மந்திரம் தெரிந்த ட்ரூயிட் ஒருவருக்குக் காசு கொடுக்கவேண்டும், இல்லாவிட்டால் கப்பலுக்காகக் காத்து நிற்கவேண்டும். கிழக்கு கொமன்லாண்ட்ஸ் என்ற பகுதியில் இருந்த ஒரு சுரங்கப் பாதையை விளையாடியவர்களே சந்தையாக்கிக்கொண்டார்கள். அங்கே நின்று கத்திக் கத்தித்தான் வாள் விற்பார்கள், பேரம் பேசுவார்கள். கொம்பனி அதைச் சந்தை என்று வடிவமைக்கவில்லை.

2001 கடைசியில் வந்த விரிவாக்கத்தில் ஒழுங்கான கடைத்தொகுதி ஒன்றைக் கொம்பனி கொடுத்தது. நீங்கள் தூங்கப் போனாலும் உங்கள் பாத்திரம் அங்கே நின்று விற்கும். 2002இல் எல்லா நகரங்களுக்கும் வாசல் வைத்த ஒரு நடுமையத்தைக் கொடுத்தது. எல்லோரும் கேட்டதுதான், எல்லோருக்கும் நேரம் மிச்சமானது. சுரங்கச் சந்தை வெறிச்சோடியது. ட்ரூயிட்டைக் கெஞ்சவேண்டிய தேவை போய்விட்டது. ட்ரூயிட்டோடு கதைக்கவேண்டிய காரணமும் அதோடு போய்விட்டது.

பழைய காலம் பொற்காலம் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. வேலை வெட்டி உள்ள ஒரு மனிதர் ஒரு பொருளுக்காக ஆறு மணித்தியாலம் குந்தியிருப்பதில் என்ன பொற்காலம் இருக்கு? காத்திருப்பைக் கட்டாயமாக்கியதன் பின்னால் மாதச் சந்தாக் கணக்கும் இருந்தது. நீங்கள் எவ்வளவு மெதுவாக முடிக்கிறீர்களோ அவ்வளவு மாதம் காசு வரும். ஆனால் அந்த மெதுவுக்குள், யாரும் திட்டமிடாமல், மனிதர்கள் ஒருவரை ஒருவர் அறிந்துகொண்டார்கள் என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்ளவேண்டும்.

எவர்குவெஸ்டில் நடந்த ஒரு சம்பவத்தைக் கட்டாயம் சொல்லவேண்டும். கெராஃபிர்ம் என்ற ட்ராகன் ஒன்று ஒரு கல்லறைக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. நான்கு காவலர்கள் அதைத் தூக்கத்தில் வைத்திருந்தார்கள். நால்வரையும் கொன்றால் அது விழிக்கும், கண்ணில் பட்டவர்களை எல்லாம் கொன்று தீர்க்கும், பிறகு அந்தச் சேர்வரில் இருந்து என்றைக்குமாக மறைந்துவிடும். ஒவ்வொரு சேர்வரிலும் ஒரே ஒரு தரம்தான். அதைவிட முக்கியம், காவலர்களிடம் கிடைத்த அரிய ஆயுதங்களும் அதோடு சரி. அதாவது ஒரு குழு அவசரப்பட்டு எழுப்பிவிட்டால், பின்னால் ஆறுதலாக வந்துகொண்டிருந்த எல்லோருக்கும் அந்தக் கதவு மூடிவிடும். ஒருவருடைய வேகம் இன்னொருவரின் பங்கைத் தின்றுவிடும் என்பதை இதைவிடத் தெளிவாக எந்தக் கேமும் காட்டியதில்லை.

ஒவ்வொரு சேர்வராக எழுப்பி முடித்தார்கள். 2003 நவம்பரில் ரல்லோஸ் ஸெக் என்ற சேர்வரில் அது இன்னும் தூங்கிக்கொண்டிருந்தது. அது விளையாடுகிறவர்கள் ஒருவரை ஒருவர் கொல்லலாம் என்று அனுமதித்த சேர்வர். அங்கே ஒருவருக்கொருவர் எதிரிகளாக இருந்த மூன்று பெரிய குழுக்கள் ஒன்று சேர்ந்தன. கிட்டத்தட்ட 200 பேர். கொல்லவே முடியாது என்று செய்யப்பட்ட ஒன்றைக் கொன்று பார்ப்போம் என்று இறங்கினார்கள். நவம்பர் 15 அன்று ட்ராகனின் உயிர் கால்வாசிக்குக் கிட்ட இறங்கியபோது, கொம்பனி தலையிட்டு அதைக் காணாமல் போகச் செய்துவிட்டது. கோபம் வெடித்தது. கொம்பனி மன்னிப்புக் கேட்டு இன்னொரு வாய்ப்புக் கொடுத்தது. 17ஆம் திகதி ஏறத்தாழ மூன்று மணித்தியாலம் அடித்தார்கள். செத்தவர்களை எழுப்பி எழுப்பித் திரும்ப அனுப்பி, கடைசியில் கொன்றார்கள். அதன் உடலில் ஒன்றுமே இல்லை. ஒரு காசு, ஒரு வாள், ஒன்றும் இல்லை. ஆனால் அன்றைக்கு அங்கே நின்றவர்கள் இன்றுவரை அதைக் கதைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதை எந்தப் பெட்டிக்குள் போடுவீர்கள்? அவசரமா, ஆறுதலா? அவர்கள் எல்லோரும் ஓட்டக்காரர்கள்தான். சேர்வரின் உச்சியில் இருந்த, நாளுக்குப் பத்து மணித்தியாலம் விளையாடக்கூடிய ஆட்கள். அதேநேரம் அந்த மூன்று மணித்தியாலத்தில் அவர்கள் எதையும் கெதியாக முடிக்கவில்லை, பரிசுக்காக வரவும் இல்லை.

எவர்குவெஸ்டை ஆராய்ந்து டி. எல். ரெய்லர் 2006இல் வெளியிட்ட நூலில் இப்படியான கடும் விளையாட்டுக்காரர்களைப் பற்றி ஒரு அத்தியாயமே உண்டு. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அவர்கள் வேலை செய்வதுபோலத் தெரியும், கணக்குப் போடுவார்கள், அட்டவணை வைத்திருப்பார்கள், விளையாட்டின் சுவையை இழந்தவர்கள் என்று தோன்றும். ஆனால் அவர்கள்தான் மிகவும் கூட்டாக இயங்குகிறவர்கள் என்று அவர் காட்டுகிறார். 40 பேர், 70 பேர் ஒரே நேரத்தில் வரவேண்டும், ஒருவரை ஒருவர் நம்பவேண்டும், கிடைத்த பொருளைச் சண்டை இல்லாமல் பங்கிடவேண்டும். அந்தப் பங்கீட்டுக்காக 1999இலேயே எவர்குவெஸ்டின் ஆஃப்டர்லைஃப் குழு 'ட்ராகன் கொலைப் புள்ளி' என்ற முறையைக் கண்டுபிடித்தது. வந்து உழைத்த அளவுக்குப் புள்ளி, புள்ளி உள்ளவருக்குப் பொருள். கூட்டுறவுச் சங்கக் கணக்குப் புத்தகம் போல.

ஆகவே வேகம் நட்புக்கு எதிரி இல்லை. ஒரே வேகத்தில் ஓடுகிற 40 பேர் நல்ல நண்பர்களாக இருக்கலாம். ஒரே கூட்டத்துக்குள் இரண்டு வேகம் வரும்போதுதான் பிரச்சினை தொடங்குகிறது.

வேர்ல்ட் ஒஃப் வார்கிராஃப்டில் இது பச்சையாகத் தெரிந்தது. மூன்று நண்பர்கள் ஒன்றாகத் தொடங்குவார்கள். ஒருவருக்கு லீவு, ஒருவருக்கு சோதனை, ஒருவருக்கு வேலை. இரண்டு கிழமையில் முதலாமவர் லெவல் 40, இரண்டாமவர் 22, மூன்றாமவர் 13. இனி அவர்கள் சேர்ந்து விளையாட முடியாது. 40 போகிற இடத்தில் 13 ஒரு அடியில் செத்துவிடும். 13 போகிற இடத்தில் 40க்கு ஒன்றும் கிடைக்காது. யாரும் யாரையும் கைவிட நினைக்கவில்லை, ஆனால் எண்கள் பிரித்துவிட்டன. பிறகு மூன்றாமவர் உள்ளே வருவதையே நிப்பாட்டிவிடுவார்.

இதற்கு மருந்து அப்போதே இருந்தது என்பதுதான் வேடிக்கை. அதே 2004இல், வார்கிராஃப்டுக்கு ஏழு மாதம் முன்னால் வந்த சிட்டி ஒஃப் ஹீரோஸ் என்ற கேமில், லெவல் குறைந்த நண்பரை உங்கள் 'சைட்கிக்' ஆக்கிக்கொள்ளலாம். உடனே அவருடைய பலம் உங்களுக்கு ஒரு படி கீழே வந்து நிற்கும். சேர்ந்து பறக்கலாம், சேர்ந்து அடிபடலாம். அவ்வளவுதான் தீர்வு. அந்தக் கேம் 2012 நவம்பரில் மூடப்பட்டது. அதன் யோசனை சாகவில்லை. 2012இன் கில்ட் வார்ஸ் 2, பெரியவரைச் சின்ன இடத்துக்கு ஏற்ப இறக்கிவிடுகிறது. எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஒன்லைன் 2016இல் தன் உலகம் முழுவதையும் அப்படி மாற்றியது. நட்பைக் காப்பாற்றியதில் எந்த அழகான கதையையும்விட இந்த எண் விளையாட்டுக்குத்தான் கூடிய பங்கு என்பது எங்கள் எண்ணம்.

வார்கிராஃப்டை உருவாக்கியவர்களுக்கும் அவசரம் பற்றிய கவலை இருந்தது. சோதனைக் காலத்தில், நெடுநேரம் விளையாடினால் அனுபவப் புள்ளி பாதியாகக் குறையும் என்று வைத்தார்கள். எல்லோரும் கத்தினார்கள். உடனே அதே கணக்கைத் திருப்பிப் போட்டார்கள். குறைந்த அளவுக்கு 'சாதாரணம்' என்று பெயர், பழைய முழு அளவுக்கு 'ஓய்வெடுத்தவருக்கு இரட்டிப்பு' என்று பெயர். எண்கள் மாறவில்லை, கத்தியவர்கள் நன்றி சொன்னார்கள்! பாத்திரத்தைச் சத்திரத்தில் விட்டுவிட்டுப் போனால் ஓய்வு கெதியாகச் சேரும். போய்ப் படுங்கோ எண்டு ஒரு கேம் சொன்னது, அதையும் பரிசு மாதிரிச் சொன்னது.

2005 மே மாதத்தில் பரவிய லீரோய் ஜென்கின்ஸ் வீடியோ உங்களில் பலருக்குத் தெரியும், பிறந்த ஆண்டு எதுவாக இருந்தாலும். ஒரு குழு வாசலில் நின்று நுணுக்கமாகத் திட்டம் போடுகிறது, பிழைக்கும் வாய்ப்பைச் சதவீதக் கணக்கில் சொல்கிறார்கள், அந்த நேரம் பார்த்து ஒருத்தர் தன் பெயரையே கத்திக்கொண்டு உள்ளே பாய, எல்லோரும் செத்துப் போகிறார்கள். அது உண்மையாக நடந்ததல்ல, நடித்தது. அளவுக்கு மீறித் திட்டமிடுகிறவர்களைப் பகிடி பண்ண அந்த நண்பர்கள் சேர்ந்து செய்த வேலை. பாய்ந்தவரைப் பார்த்துத்தான் உலகம் சிரித்தது என்றாலும், அடி விழுந்தது கணக்குப் போட்டவர்களுக்கு.

2006 ஜனவரியில் ஒரு சேர்வர் முழுக்கச் சேர்ந்து செய்யவேண்டிய வேலை ஒன்று வந்தது. பாலைவனத்தில் அன்கிராஜ் என்ற மூடிய நகரம். அதன் கதவு திறக்கவேண்டும் என்றால் ஒரு பக்கம் ஊரெல்லாம் சேர்ந்து உலோகக் கட்டி, காயத்துணி, தோல், மூலிகை, சமைத்த சாப்பாடு என்று போருக்கான பொருட்களை மலையாகக் குவிக்கவேண்டும். மறு பக்கம் யாரோ ஒருவர் மிக நீண்ட தேடல் ஒன்றை முடித்துச் செங்கோல் ஒன்றைச் செய்து, கதவுக்கு முன்னால் இருக்கிற சேமக்கலத்தை அடிக்கவேண்டும். அந்த ஒருவருக்குப் பின்னால் அவருடைய குழு முழுக்க மாதக்கணக்காக உழைத்திருக்கும். லெவல் 10இல் இருந்த புதியவர்கூடச் செப்புக் கட்டி கொண்டுவந்து கொடுக்கலாம். மெடிவ் என்ற சேர்வர் முதலில் திறந்தது. சனம் கூடிய கூட்டத்தில் சேர்வர்கள் விழுந்து எழும்பின. சில சேர்வர்களில் கதவு திறக்க மாதங்கள் எடுத்தன. ஊருக்கு ஊர் வேறு வேகம், அந்தந்த ஊரின் வேகம்.

2020இல் க்ளாசிக்கில் அதே கதவு வந்தபோது என்ன செய்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? எவ்வளவு பொருள் தேவை என்பது எல்லோருக்கும் ஏற்கெனவே தெரியும். முன்கூட்டியே சேர்த்துப் பதுக்கி வைத்திருந்தார்கள். கதவு கேட்ட உடனே கொட்டிவிட்டார்கள்.

அதற்கு இடையில் இன்னொரு பெரிய மாற்றம் நடந்திருந்தது. 2009 டிசம்பரில் வார்கிராஃப்டுக்குள் ஆள் சேர்த்துக் கொடுக்கும் கருவி ஒன்று வந்தது. அதுவரை ஒரு குகைக்குப் போக ஐந்து பேரை நகரத்து அரட்டையில் கூவிக் கூவிச் சேர்க்கவேண்டும், பிறகு வாசல்வரை நடக்கவேண்டும். இப்போது ஒரு பொத்தானை அமத்தினால் வேறு வேறு சேர்வர்களில் இருக்கிற ஐந்து அந்நியர்களைக் கோர்த்து நேரே உள்ளே இறக்கிவிடும். இருபது நிமிடத்தில் வேலை முடிந்துவிடும், முடிந்ததும் ஆளுக்காள் மறைந்துபோவார்கள். திரும்பச் சந்திக்க வாய்ப்பே இல்லாதவரிடம் எதற்கு மரியாதை? மெதுவாக அடிக்கிறவரை வாக்குப் போட்டு வெளியே தள்ளுவதும் சாதாரணமாகியது. குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு அரை மணித்தியாலம் விளையாட வருகிற ஒருவருக்கு அந்தக் கருவி பெரிய உபகாரம் என்பதையும் மறக்கக்கூடாது. அவர் இல்லாத சமூகத்தைத்தான் நாங்கள் 'பழைய நல்ல சமூகம்' என்று சொல்லிக்கொண்டு திரிகிறோமோ என்று ஒரு சந்தேகம் எங்களுக்கு உண்டு.

பழையதைத் திரும்பத் தாருங்கள் என்ற குரல் கூடிக்கொண்டே வந்தது. 2013இல் ப்ளிசார்டின் மாநாட்டில் ஒருவர் அதைக் கேட்டபோது, உங்களுக்கு அது வேணும் எண்டு நினைக்கிறீங்கள், உண்மையில வேண்டாம் என்ற தொனியில் மேடையில் இருந்த ஜே. அலன் ப்ராக் பதில் சொன்னார். பலருக்கு அது சுட்டது. 2015இல் ரசிகர்களே நொஸ்டால்ரியஸ் என்று களவாக ஒரு பழைய சேர்வரைத் திறந்தார்கள். சட்டப்படி பிழைதான். ஒன்றரை லட்சம் பேர் அங்கே தொடர்ந்து விளையாடினார்கள். 2016 ஏப்ரலில் சட்டக் கடிதம் வந்து மூடவேண்டியதாயிற்று. மூடுகிற நாளில் பாத்திரங்கள் கூட்டம் கூட்டமாக ஊர்வலம் போனார்கள். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மனுவில் கையெழுத்து வைத்தார்கள். அடுத்த ஆண்டு ப்ளிசார்ட் இறங்கி வந்து க்ளாசிக்கை அறிவித்தது.

வந்தது. திறந்த அன்று தொடக்கக் கிராமங்களில் விளையாடுகிறவர்கள், ஒரே மிருகத்துக்காகச் சண்டை பிடிக்காமல், வரிசை கட்டி நின்றார்கள். அந்தப் படங்கள் உலகம் முழுக்கப் போயின. பலருக்கு அது நிசமாகவே திரும்பக் கிடைத்த ஊர். ஆனால் சில மாதங்களிலேயே ஒவ்வொருவரும் வினாடிக்கு எவ்வளவு அடித்தார் என்பதைப் பதிவேற்றி, உலகத்தில் எத்தனையாவது என்று நிறத்தோடு காட்டும் கலாசாரம் மேலே வந்துவிட்டது. போருக்குப் போகமுதல் உலகம் சுற்றி மந்திர வரங்களைச் சேர்த்துக்கொண்டு, அவை கரையாமல் இருக்கப் பாத்திரத்தை உள்ளே எடுக்காமலே நாள்கணக்கில் வைத்திருந்தார்கள். 2005இல் இதே மோல்டன் கோர் ஒரு பின்னேரம் முழுக்க, சிலநேரம் இரண்டு மூன்று இரவுகள் எடுக்கும். இப்போது ஒரு மணித்தியாலத்துக்குள் முடித்துவிட்டுப் போய்விடுவார்கள். ப்ராக் சொன்னது பிழையா சரியா? எங்களுக்குள்ளேயே இதில் ஒரு முடிவு இல்லை. வந்தவர்கள் கேட்டது கேமை மட்டும் அல்ல, ஒன்றும் தெரியாமல் இருந்த தங்களையும். அதை எந்தக் கொம்பனியாலும் தரேலாது.

சிவிலைசேஷன் 4ஐ வடிவமைத்த சொரென் ஜோன்சன் 2011 அளவில் எழுதியது இங்கே பொருந்தும். வாய்ப்புக் கிடைத்தால் விளையாடுகிறவர்களே விளையாட்டில் இருக்கும் இன்பத்தைத் திறமையாகச் செதுக்கி வெளியே எறிந்துவிடுவார்கள் என்பது அவருடைய கருத்து. அதனால்தான் தடுக்கவேண்டியது வடிவமைப்பவரின் பொறுப்பு என்கிறார்.

ஃபைனல் ஃபான்டசி 14 அதைச் செய்து பார்த்திருக்கிறது. அந்தக் கேமின் முதற் பாகக் கதை முடிகிற இரண்டு குகைகளில் நீண்ட காட்சிகள் வரும். புதிதாக வந்தவர் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க, நூறாவது தடவையாக வந்த மற்றவர்கள் காட்சிகளைத் தவிர்த்துவிட்டு ஓடிப்போய்க் கடைசி எதிரியையும் கொன்றுவிடுவார்கள். காட்சி முடிந்து பார்த்தால் எல்லாம் முடிந்திருக்கும். கிழமைக்கணக்காக நடந்துவந்த கதையின் உச்சம், அவர் இல்லாமலே! பிறகு அந்தக் காட்சிகளை யாருமே தவிர்க்க முடியாதபடி செய்தார்கள். பழையவர்கள் முணுமுணுத்தபடி நின்றார்கள், தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தார்கள். 2022இல் அந்த இடங்களையே உடைத்து நான்கு பேருக்கான சிறிய பகுதிகளாகத் திருத்திக் கட்டினார்கள். அதே கேமில், குழுவில் ஒருவருக்கு அந்தக் குகை முதல் தடவை என்றால் முடிவில் மற்ற எல்லோருக்கும் மேலதிகப் பரிசு உண்டு. புதியவர் சுமையாக இல்லாமல் வருமானமாகிவிடுகிறார். கொஞ்சம் கணக்குப் பார்த்த அன்புதான், இருந்தும் வேலை செய்கிறது. அதன் தயாரிப்பாளர் நவோகி யோஷிடா, செய்ய ஒன்றும் இல்லாவிட்டால் சந்தாவை நிப்பாட்டி வேறு கேம்களை விளையாடிவிட்டு, புதுப் பகுதி வரும்போது திரும்பி வாருங்கள் என்று வெளிப்படையாகச் சொன்னவர்.

எவர்குவெஸ்ட் வேறு ஒரு வழியை எடுத்தது. 2006இல் பழைய கேமை முதலிலிருந்து தொடங்கும் சேர்வர்களைத் திறந்தார்கள். ஒரு கட்டத்தின் பெரிய எதிரிகளைக் கொன்றால்தான் அடுத்த கட்டம் எல்லோருக்கும் திறக்கும். நடந்தது என்ன? உச்சியில் இருந்த ஓரிரு குழுக்கள் ஓட ஓட, ஆறுதலாக வந்தவர்களின் காலுக்குக் கீழே நிலம் மாறிக்கொண்டே போனது. பிந்தைய சேர்வர்களில் வாக்கெடுப்பு வைத்தார்கள். அடுத்ததைத் திறப்பதா, இன்னும் கொஞ்சம் இருப்பதா என்பதைச் சேர்வரில் இருப்பவர்கள் தீர்மானிக்கலாம். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் முடித்துவிட்டுச் சலித்திருப்பவர் தவறாமல் வாக்குப் போடுவார். கிழமைக்கு ஒருநாள் வருகிறவருக்கு வாக்கெடுப்பு நடந்ததே தெரியாது.

எங்கட பக்கம் இந்தக் கேம்கள் பெரிதாக வேரூன்றவில்லை. மாதம் 15 டொலர் சந்தா, கடனட்டை, பக்கத்தில் இல்லாத சேர்வர் என்று தடைகள் வரிசையாக நின்றன. நெட் கஃபேயில் மணித்தியாலத்துக்குக் காசு கொடுத்து, பக்கத்துக் கதிரையில் இருப்பவனைச் சுட்டுச் சிரித்ததுதான் எங்கள் தலைமுறையின் ஒன்லைன். ஒரே அறை, ஒரே நேரம், கரண்ட் போனால் எல்லோருக்கும் போகும். வேகம் என்பது நேரம் உள்ளவரின் சொத்து, நேரத்தோடு லைனும் உள்ளவரின் சொத்து. 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் மின்வெட்டு அறிவிக்கப்பட்ட ஒரு நாட்டில் இருந்துகொண்டு, தினமும் எட்டு மணிக்குச் சரியாக வரவேண்டும் என்று சொல்கிற குழு ஒன்றில் இடம்பிடிக்கேலாது.

2023 ஓகஸ்டில் ப்ளிசார்ட் 'ஹார்ட்கோர்' என்ற க்ளாசிக் சேர்வர்களைத் திறந்தது. ஒரு உயிர்தான், செத்தால் அந்தப் பாத்திரம் முடிந்தது. திடீரென்று எல்லோரும் மெதுவானார்கள். மூலைக்கு மூலை எட்டிப் பார்த்து, முன்பின் தெரியாதவரிடம் துணை கேட்டு, மாதக்கணக்காக நடந்தார்கள். லைன் விழுந்து செத்தாலும் செத்ததுதான் என்பது கொம்பனியின் விதி. 2025 மார்ச்சில் பிரபல ஸ்ட்ரீமர்கள் சேர்ந்திருந்த ஒன்லிஃபாங்ஸ் என்ற குழு ஒரு பெரும் குகைக்குள் நின்றபோது சேர்வர்கள்மீது இணையத் தாக்குதல் நடந்தது. மாதக்கணக்கில் வளர்த்த பாத்திரங்கள் ஒரே இரவில் செத்தன, குழு கலைவதாக அறிவித்தது. அதன்பின் ப்ளிசார்ட் விதியைத் தளர்த்தி, அப்படியான தாக்குதலில் செத்தவர்களை எழுப்புவதாகச் சொன்னது. வீட்டில் லைன் விழுந்து செத்தவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது.